விளக்கு எண்ணெய்க்கு வந்த கரடி

பிப்ரவரி 3, திங்கள்

ஃபாரஸ்ட் கார்டு போஜன் சொன்னதால் எழுதுகிறேன். தேதி, நேரம், என்ன சேதம் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டுமாம். ஆபீசில் கேட்டால் காட்டலாமாம். நோட்டுக்கு எங்கே போவது? மைதா ஏஜெண்ட் பொங்கலுக்குக் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் கோதுமைக் கதிர் படம். ஒன்பதாம் வகுப்பில் கட்டுரை எழுதியதற்குப் பிறகு நான் இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. அந்தக் கட்டுரைக்குப் பத்துக்கு மூன்று போட்டார்கள். இதற்குக் கரடி எவ்வளவு போடுகிறது என்று பார்ப்போம்.

பெயர் பொன்னுரங்கம். வயது 53. கோத்தகிரிக்குக் கீழே ஓடைக்காலனியில் கடைசிக்கு முந்தின வீடு. மொறுமொறுவென்று வர்க்கி பிஸ்கட் சுடுகிற பேக்கரியில் அடுப்பு மாஸ்டர். வீட்டில் நானும் மகள் மோனிஷாவும். அவள் பிளஸ் டூ. பெட்டைக் கோழி ஐந்து, சேவல் ஒன்று.

சம்பவம்: சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில். மோனிஷாவை டியூஷனிலிருந்து கூட்டிவரப் போயிருந்தேன். திரும்பி வந்தால் சமையலறை ஜன்னல் சட்டத்தோடு உள்ளே விழுந்து கிடக்கிறது. இந்திராணி படத்துக்கு முன்னால் எரியும் விளக்கு கவிழ்ந்து, ஒரு சொட்டு எண்ணெய் பாக்கியில்லாமல் நக்கப்பட்டு, புளி போட்டுத் தேய்த்ததுபோல் மின்னியது. நல்லெண்ணெய் கேனில் நான்கு ஓட்டை. ஜன்னலோரம் ஆணியில் தொங்கிய என் பேக்கரிப் பையும் கிழிந்திருந்தது. பழைய பை. அதைச் சேதத்தில் சேர்க்கவில்லை.

இந்திராணி என் மனைவி. போன அக்டோபரில் தவறிவிட்டாள். இது ஆபீசுக்குத் தேவையா என்று தெரியவில்லை. எழுதியாகிவிட்டது. அடித்தால் அசிங்கமாக இருக்கும்.

பிப்ரவரி 5, புதன்

ஜன்னலுக்குத் தகரம் அடித்தேன். பதினோரு ஆணி. அதில் ஏழு தகரத்தில் இறங்கியது, மூன்று வளைந்தது, ஒன்று என் கட்டை விரலைப் பதம் பார்த்தது. பக்கத்து வீட்டு மயிலாத்தா அக்கா வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா வீடுதான் காலனியின் கடைசி வீடு. புருஷன் போய்ப் பத்து வருஷமாகிறது. எஸ்டேட்டில் இலை பறித்துக்கொண்டு ஒற்றை ஆளாக இருக்கிறது.

"ஏனுங்க தம்பி, கரடிக்கு அடிக்கறீங்களா, உங்களுக்கே அடிச்சுக்கறீங்களா?" என்றது. பிறகு விரலுக்கு மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்து கொடுத்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

போஜன் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கால் தடத்தைக் குச்சியால் அளந்தார். பெரிய கரடிதானாம். மேலே மாரியம்மன் கோயிலிலும் போன மாதம் பூட்டை உடைத்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறது. இந்த மலையில் கரடிக்கு எண்ணெய்ப் பைத்தியம் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஒரு தடவை ருசி கண்ட வீட்டை விடாது என்றார்.

கார்டு இரண்டு யோசனை சொன்னார். ஒன்று, விளக்கை நிறுத்துவது. இரண்டாவது பொதுவாகச் சொன்னது, எல்லா வீட்டுக்கும் பொருந்துவது. அதை எழுதவில்லை.

விளக்கு விஷயம் இதுதான். பதினாறாம் நாள் காரியத்தோடு விளக்கை நிறுத்தியிருக்க வேண்டும். மோனிஷா மறுத்துவிட்டாள். வருஷத் திதி வரை அணையாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அன்றிலிருந்து காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் திரி தூண்டுகிறாள். பள்ளிக்கூடம் போகும்போது எண்ணெய் நிரப்பிவிட்டுப் போகிறாள். படிப்பதும் அந்த விளக்குக்குப் பக்கத்தில்தான். டியூப் லைட் இருக்கிறது என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். புத்தகத்தை விளக்குக்கு இன்னும் பக்கத்தில் நகர்த்திக்கொண்டாள்.

கார்டு போன பிறகு மெதுவாகப் பேச்சை எடுத்தேன்.

"அது கரடிப்பா. அது வருதுன்னு அம்மாவை இருட்டுல வைக்கச் சொல்றீங்களா?"

நான் பேக்கரியில் நூற்றுக்கணக்கில் வர்க்கி எடுக்கிறவன். ஒரு வாக்குவாதத்தில் ஒரு வார்த்தை எடுக்கத் தெரியாது.

பிப்ரவரி 14, வெள்ளி

கரடி இல்லை.

இன்று பஸ்ஸில் ஏறினதும் கண்டக்டர் வழக்கம்போல, "வர்க்கி ஏறியாச்சு, ரைட்" என்றான். கண்ணை மூடிக்கொண்டே என்னைக் கண்டுபிடிப்பானாம். முப்பது வருஷமாக டால்டாவிலும் சர்க்கரையிலும் ஊறிய உடம்பு. குளித்தால் போவதில்லை. இந்திராணி கல்யாணமான புதிதில், மாப்பிள்ளைக்குப் பதில் பலகாரத்தைக் கட்டி வைத்துவிட்டார்கள் என்று சொல்லிச் சிரிப்பாள்.

அடுப்பிலிருந்து எடுக்கும்போது உடைகிறதையும் உதிர்கிறதையும் விற்க முடியாது. அந்தத் தூளில் இரண்டு கை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு வருவேன். முதலாளிக்குத் தெரியும். கல்யாணமானதிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக இதே வழக்கம். இந்திராணி அதைச் சூடான டீயில் கொட்டி, ஸ்பூன் போட்டுச் சாப்பிடுவாள். வேறு பலகாரம் எதுவும் அவளுக்கு இறங்காது. இப்போது கோழிக்குப் போடுகிறேன். கோழியும் குறை சொல்வதில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

கரடியை நேரில் பார்த்தேன். நேரம் சாயங்காலம் ஆறேகால். கோழிக்கூட்டை மூடப் போனேன். லேசான மூடுபனி. கூட்டோரம் யாரோ கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குனிந்திருப்பதுபோல் இருந்தது. மயிலாத்தா அக்காதான் விறகு பொறுக்குகிறது என்று நினைத்துவிட்டேன்.

"யாருங்க அது?" என்றேன்.

கம்பளி திரும்பியது. மூக்கு மட்டும் வெள்ளை.

இந்த மலையில் கரடிக்கு 'ங்க' போட்டுப் பேசிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அதுவும் மரியாதை தெரிந்த ஜீவன், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஓடைப் பக்கம் இறங்கிவிட்டது. நான் பின்பக்கமாகவே நடந்து வீட்டுக்குள் வந்தேன். செருப்பு வரவில்லை. மோனிஷாவிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்டோபருக்குப் பிறகு அவள் சிரித்து இன்றுதான் கேட்கிறேன். அந்த அளவில் கரடிக்கு நன்றி.

பிப்ரவரி 22, சனி

செருப்பு கிடைத்தது. ஒன்று மட்டும்.

பிப்ரவரி 27, வியாழன்

காலையில் கதவைத் திறந்தால் வெளிப்பக்கம் ஐந்து கோடு. மேலிருந்து கீழே, ஒரு முழம் நீளம். தச்சன் உளி வைத்து இழுத்த மாதிரி. இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் மோனிஷா பாய் விரித்துப் படுக்கிறாள்.

குழாயடியில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. பொன்னுரங்கம் வீட்டு விளக்கு காலனிக்கே கரடியைக் கூப்பிட்டுக் கொண்டுவருகிறது என்று. மயிலாத்தா அக்காதான் எல்லோரையும் அடக்கியதாம். தாயில்லாத பிள்ளை விளக்கு வைத்தால் அதில் உங்களுக்கு என்ன குறைந்துபோகிறது என்று கேட்டதாம். என்னிடமும் வந்து சொன்னது.

"அந்தப் புள்ளை விளக்கை மட்டும் ஒண்ணும் பண்ணிப்போடாதீங்க தம்பி. அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் நடமாடிட்டு இருக்குது."

சரி அக்கா என்றேன்.

மார்ச் 1, சனி

விளக்கை நிறுத்திவிட்டேன்.

மோனிஷா ஸ்பெஷல் கிளாசுக்குப் போயிருந்தாள். விளக்கை வாயால் ஊதக் கூடாது என்று இந்திராணி சொல்வாள். அதனால் ஒரு சாமந்திப் பூவைப் பறித்துத் திரியின் தலையில் வைத்தேன். பூ கருகும் வாடை வந்தது. அவ்வளவுதான். மிச்ச எண்ணெய், கேன், திரிநூல் எல்லாவற்றையும் துணியில் கட்டிக் கோயிலில் கொடுத்துவிட்டேன். வீட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். இனி இந்த வீட்டில் கரடிக்கு ஒன்றுமில்லை.

படத்தைப் பார்க்காமல்தான் செய்தேன். நான் பெரிய தைரியசாலி என்று நானே எழுதிக்கொள்வதற்கில்லை.

மார்ச் 2, ஞாயிறு

கத்துவாள், அழுவாள் என்று நினைத்து என்னென்னவோ பதில் யோசித்து வைத்திருந்தேன். வந்தாள், பார்த்தாள், "பரவால்லப்பா" என்றாள். எண்ணெய் விடாமல் தோசை ஊற்றினாள். எனக்கு மூன்று, அவளுக்கு ஒன்று. இரவு டியூப் லைட்டில் படித்தாள்.

மார்ச் 6, வியாழன்

வந்தது. வீட்டில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, விளக்கு இல்லை. இருந்தும் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் இல்லாத நேரம், சாயங்காலம். தகரத்தை அப்பளம்போல் சுருட்டி எறிந்துவிட்டு உள்ளே இறங்கியிருக்கிறது. படத்துப் பக்கம் போகவே இல்லை. நேரே ஜன்னலோரம் ஆணிக்கு...

ஏன் வந்தது என்று புரியவில்லை. பழைய ஞாபகத்தில் வந்திருக்கும்.

மோனிஷா சமையலறையைக் கூட்டினாள். ஆணியைப் பார்த்தாள். கீழே கிடந்த பைத் துணியை எடுத்து மடித்து அடுப்பு மேடையில் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பரீட்சை நேரம்.

மார்ச் 9, ஞாயிறு

ஒரு பெரிய பிஸ்கட் டப்பா வாங்கி வந்தேன். இறுக்கமான மூடி. தூளை அதில் கொட்டிக் கோழிக்கூட்டுக்குள் மேல் தட்டில் வைத்துவிட்டேன். கோழித் தீனி கோழிக்கூட்டில் இருப்பதுதானே முறை. பேக்கரிச் சட்டையைக்கூட அங்கேயே ஒரு ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குள் வருகிறேன். வீட்டில் மோனிஷா இருக்கிறாள். வீடு சுத்தமாக இருக்க வேண்டும்.

கூடு மயிலாத்தா அக்காவின் வேலியை ஒட்டி இருக்கிறது. இந்திராணி இடம் பார்த்து வைத்தது. அங்கேதான் வெயில் விழும்.

மார்ச் 13, வியாழன்

நான்கு நாளாக வீட்டுப் பக்கம் ஒரு தடமும் இல்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மார்ச் 17, திங்கள்

காலை ஆறு மணி பத்து நிமிஷம். சேதம்: கோழிக்கூடு, கோழி மூன்று. மயிலாத்தா அக்கா.

எதிரே ஆள் தெரியாத பனி. நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கோழிகள் கத்தின. அக்கா தன் வாசலிலிருந்து, "தம்பி, உங்க கோழியை என்னமோ புடிக்குது" என்று கூப்பிட்டது. நான் சட்டைக்குள் ஒரு கையை விட்டிருந்தேன். இன்னொரு கையை விடுவதற்குள் அக்கா வேலியோரம் போய்விட்டது. அடுத்த சத்தம் அக்காவுடையதா கரடியுடையதா என்று தெரியவில்லை.

தட்டையும் கரண்டியையும் எடுத்துத் தட்டிக்கொண்டே ஓடினேன். கரடி கீழே இறங்கிவிட்டது. அக்கா உட்கார்ந்த நிலையில் இருந்தது. முகத்தை இரண்டு கையாலும் மூடியிருந்தது. கைகளுக்கு நடுவிலிருந்து ரத்தம் வந்துகொண்டே இருந்தது. மோனிஷா யூனிஃபார்மில் ஓடிவந்து, துண்டை மடித்து முகத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஜீப் வர இருபத்தைந்து நிமிஷம். இருபத்தைந்து நிமிஷமும் கையை எடுக்கவில்லை. அக்கா காதில் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஜீப் போனதும் யூனிஃபார்மை மாற்றிக்கொண்டு பரீட்சைக்குப் போனாள். கெமிஸ்ட்ரி. நான் பேக்கரிக்குப் போகவில்லை.

சாயங்காலம் வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். நகத்துக்குள் இன்னும் சிவப்பு இருந்தது.

"நான் விளக்கு வச்சதுலதானேப்பா அது இங்க வந்து பழகுச்சு? அதனாலதானே அக்காவுக்கு இப்படி ஆச்சு?"

என்னைப் பார்த்துக் கேட்டாள். அடுப்பில் சோறு பொங்கியது. போய் இறக்கினேன்.

மார்ச் 18, செவ்வாய்

போஜனும் ரேஞ்சரும் வந்தார்கள். கூட்டில் என்ன வைத்திருந்தீர்கள் என்று கேட்டார்கள். கோழித் தீனி என்றேன். எழுதிக்கொண்டார்கள். டைரியைக் கேட்டார்கள். இன்னும் முழுசாக எழுதி முடிக்கவில்லை என்றேன். அதற்குள் கூட்டைக் கழுவி விட்டிருந்தேன். தகரக் குப்பையெல்லாம் ஓடையில் போய்விட்டது.

மிச்சமிருந்த இரண்டு கோழியும் முட்டையிடவில்லை. சேவல் கூவவும் இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

கோயமுத்தூர் போய் அக்காவைப் பார்த்தோம். வலது கண் போய்விட்டது. தலையிலிருந்து தாடை வரை தையல். மோனிஷா கட்டிலோரம் நின்று அழவில்லை. விரலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அக்காவால் வாயைச் சரியாகத் திறக்க முடியவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பரிச்சை எழுதுனயா சாமி?"

எழுதினேன் என்றாள் மோனிஷா. நான் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அக்காவால் மெல்ல முடியாது என்பது எனக்குத் தோன்றவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் நானே தின்றேன். புளித்தது.

மார்ச் 26, புதன்

மோனிஷா குழாயடியிலிருந்து பாதிக் குடத்தோடு வந்தாள். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். பிறகு நானே போய்த் தண்ணீர் பிடித்தேன். என்னைப் பார்த்ததும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி மட்டும் என்னிடம் பரிதாபமாக, நீங்க என்னங்க பண்ணுவீங்க, புள்ளை புடிவாதம் புடிச்சா என்றாள்.

தலையாட்டினேன். ஆம், தலையாட்டினேன்.

மார்ச் 30, ஞாயிறு

பரீட்சை முடிந்துவிட்டது. இந்திராணியின் அண்ணன், என் மச்சான் துரைசாமி, சிறுமுகையிலிருந்து கார் பிடித்துக்கொண்டு வந்தார். கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கூட்டைப் பார்த்தார். என்னை அவ்வளவாகப் பார்க்கவில்லை.

"தங்கச்சியைத்தான் காப்பாத்த முடியல. அது நோவு, உங்க மேல தப்பில்ல மாப்ள. இந்தப் புள்ளையை இங்க விட்டு வச்சா அது உங்க தப்பு."

மோனிஷா வருகிறேன் என்று அவளாகவே சொல்லிவிட்டாளாம். போனில் பேசியிருக்கிறாள். எனக்குத் தெரியாது. இரண்டு பையில் எல்லாம் அடங்கிவிட்டது. பதினேழு வருஷம் இரண்டு பையில் அடங்கும் என்று தெரிந்திருந்தால் பெரிய பையாக வாங்கிக் கொடுத்திருக்க மாட்டேன்.

விளக்கை எடுத்துக்கொள் என்றேன். மாமா வீட்டில் வைக்கலாம், அங்கே கரடி வராது என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"வேண்டாம்ப்பா. இனி நான் விளக்கு வைக்கல."

கார் திரும்பும்போது கையாட்டினாள். நானும் ஆட்டினேன். இந்த டைரி எழுத ஆரம்பித்ததே இந்த வீட்டுக்குள் எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளத்தான்.

ஏப்ரல் 2, புதன்

ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியவில்லை. மீந்துபோனது.

ஏப்ரல் 8, செவ்வாய்

வாசலில் கூண்டு கொண்டுவந்து வைத்தார்கள். இரும்புக் கம்பி, விழுகிற கதவு. பலாப்பழம் வைக்கலாமா, தேன் வைக்கலாமா என்று ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். போஜன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க பேக்கரி வர்க்கித்தூள் கொஞ்சம் கொண்டாங்கண்ணா."

எதற்கு என்று கேட்டேன்.

"குன்னூர் பக்கம் அதை வச்சுத்தான் புடிச்சாங்க. எண்ணெயெல்லாம் அதுக்கு அப்புறந்தான். முதல் தடவை வந்தப்பவே சொன்னனே, பேக்கரிச் சாமான் எதுவும் வீட்டுல வைக்காதீங்கன்னு."

சொன்னார்தான். பிப்ரவரி 9ஆம் தேதி நான் எழுதாமல் விட்ட இரண்டாவது யோசனை அதுதான்.

ஏப்ரல் 10, வியாழன்

விழுந்துவிட்டது. காலையில் பார்த்தால் கூண்டுக்குள் கறுப்பாக உட்கார்ந்திருக்கிறது. மூக்கிலும் நகத்திலும் வர்க்கித்தூள் ஒட்டியிருந்தது. பலாப்பழத்தைத் தொடவே இல்லை. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் எண்ணெய் வைத்திருந்தார்கள். அதையும் தொடவில்லை. கிண்ணம் நிறைய அப்படியே, மேலே ஒரு ஈ மிதந்தது.

காலனியே திரண்டு வந்தது. செல்போனில் படம் எடுத்தார்கள். யாரும் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரியில் ஏற்றி உள்காட்டுக்குக் கொண்டுபோனார்கள். என் கையைக் குலுக்கி, இனி நிம்மதியாக இருங்கள் என்றார் ரேஞ்சர்.

இனி வீட்டையும் வாசலையும் பற்றிப் பயமில்லை. கதவைத் திறந்தே போட்டுவிட்டு பேக்கரிக்குப் போய் வரலாம்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. மோனிஷாவுக்குப் போன் செய்தேன். கரடி போய்விட்டது, வந்துவிடு என்றேன். மயிலாத்தா அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களா என்று கேட்டாள். நேற்றுத்தான் வந்தது என்றேன். லைன் போய்விட்டதா என்று போனைப் பார்த்தேன்.

"அவங்க எதிர வந்து நான் எப்படிப்பா நிப்பேன்?"

பாயசம் வைத்திருந்தேன். இனிப்பு போடவில்லை என்று குடிக்கும்போதுதான் தெரிந்தது.

ஏப்ரல் 19, சனி

இதை ஆபீசில் காட்டப்போவதில்லை. அதனால் இதை எழுதலாம்.

மார்ச் 17ஆம் தேதி எழுதியதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. தட்டைத் தட்டிக்கொண்டு ஓடினேன், கரடி இறங்கிப் போனது, அக்கா உட்கார்ந்திருந்தது என்று எழுதியிருக்கிறேன். நடுவில் இன்னொன்று நடந்தது. பிஸ்கட் டப்பா நசுங்கி அக்காவின் காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. யாராவது வருவதற்குள் அதைக் காலால் புல்லுக்குள் தள்ளினேன். முதலில் செய்தது அதுதான். அக்காவைத் தொட்டது அதற்குப் பிறகு.

நாளைக்குச் சிறுமுகை போகிறேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மச்சான் வீட்டு மொட்டை மாடியில் மோனிஷா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கறுத்திருக்கிறாள். கீழ்நாட்டு வெயில். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றேன். பஸ்ஸில் வரும்போது முன்னும் பின்னுமாக நிறைய யோசித்து வைத்திருந்தேன். அங்கே போனதும் எல்லாம் உதிர்ந்துவிட்டது. விளக்கால் இல்லை, என் பையால், என் டப்பாவால் என்று சொன்னேன். மூன்று வாக்கியம் இருக்கும். சொல்லி முடித்தபோது அவள் ஒரு பாவாடையை உதறிக்கொண்டிருந்தாள்.

"தெரியும்ப்பா."

எப்படி என்று கேட்டேன்.

"உங்க சட்டையை யாரு துவைக்கறா? பையைத் தேடித்தான் வருதுன்னு ரெண்டாவது தடவையே தெரிஞ்சுபோச்சு. டப்பாவைக் கூட்டுக்குள்ள வச்சப்ப நான் ஜன்னல்ல நின்னுட்டு இருந்தேன்."

"அப்ப ஏன் மோனி சொல்லல?"

"அம்மாவுக்குக் கொண்டாந்து பழகுனது. இன்னும் கொண்டாறீங்க. அதை நிறுத்துங்கன்னு எப்படிச் சொல்றது?"

அவள் விளக்கை நான் நிறுத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாவாடையைக் கொடியில் போட்டுக் கிளிப் மாட்டினாள். எனக்கு முதுகு காட்டிக்கொண்டுதான் அடுத்ததைச் சொன்னாள்.

"அன்னிக்கு வாசப்படியில கேட்டனே, என் விளக்காலதானேன்னு. இல்ல மோனி, உன்னால இல்லன்னு சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

நான் வாளியைப் பார்த்தேன்.

"நீங்க சோறு இறக்கப் போயிட்டீங்க. அப்புறம் குழாயடியில அத்தனை பேரு பேசுனாங்க. அப்பவாவது சொல்லுவீங்கன்னு பார்த்தேன். மாமா வண்டியில ஏறுறப்பவும் பார்த்தேன்."

எனக்கு எந்த நேரத்திலும் ஒரு வேடிக்கைப் பேச்சு வரும். பிணம் கிடந்த வீட்டில்கூட எதையாவது சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைத்தவன். ஒன்றும் வரவில்லை.

வீட்டுக்கு வருகிறாயா என்று கேட்டேன். தலையை அசைத்தாள். கோபமெல்லாம் இல்லை என்றாள். இங்கேயே பக்கத்தில் ஒரு காலேஜில் மாமா விசாரித்திருக்கிறார், சேர்ந்துகொள்கிறேன் என்றாள்.

கீழே இறங்கும்போது படியில் நின்று கேட்டாள்.

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

இல்லை என்றேன். அவள் வெறும் வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 21, திங்கள்

பேக்கரிக்கு லீவு சொல்லிவிட்டேன்.

காலை எட்டு மணிக்கு மயிலாத்தா அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் முக்காலி போட்டு வெயிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. தலையில் துண்டு. வலது பக்கம் முழுக்கப் பஞ்சும் பிளாஸ்டரும். நான் என் வீட்டுப் பக்கத்திலிருந்து போனதால் அந்தப் பக்கமாகவே போய் நின்றுவிட்டேன். மூன்றடி தூரம். அக்காவுக்கு நான் வந்தது தெரியவில்லை. ஒவ்வொரு கீரையாகத் தடவிப் பார்த்து, பழுத்த இலையைக் கிள்ளிக் கீழே போட்டது. சில நல்ல இலையும் கீழே விழுந்தது.

அப்படியே திரும்பிப் போய்விடலாம். நான் வந்தது யாருக்கும் தெரியாது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கீரைக்கட்டில் பாதி முடிந்திருந்தது.

ஒரு சருகு காலில் பட்டு நொறுங்கியது. அக்கா கையை நிறுத்தியது.

"யாரது?"

வேலியோரமாகச் சுற்றிக்கொண்டு போய், அக்காவின் கண் இருக்கிற பக்கத்தில் நின்றேன்.